பதினேழாம் தேதி, இரவு ஒன்று, இரண்டு, மூன்று

எர்ணாவூரில் ஒரு மொட்டைமாடி.
தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே
காற்றின் தூசை எண்ணும் பெட்டி.
மணிக்கொரு எண் அனுப்பும்.
அதை எக்ஸலில் வாங்கி வைப்பவள் நான்.
நாளைக்கு இருபத்துநாலு கட்டம்.

பதினேழாம் தேதி மூன்று கட்டம் காலி.

பிவட்டில் அந்த இடம் வெள்ளையாக வந்தது.
"பல்லு வுழுந்த மாதிரி கீதே" என்றார் கஜபதி சார்.
"ஆப்ஷன்ல போ. காலியா இருந்தா சைபர் காட்டுன்னு குடு."

கொடுத்தேன்.
கோடு நூற்றெண்பதிலிருந்து தலைகுப்புற விழுந்து,
தரையில் மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்து,
எழுந்து, எதுவும் நடக்காதது போல
நூற்றுத்தொண்ணூறில் போய் நின்றது.
அதை நம்பினால் அன்று நடுராத்திரி எர்ணாவூரில்
ஒரு துகள் இல்லை, ஒரு லாரி இல்லை,
யாரும் பீடிகூடப் பற்றவைக்கவில்லை.

சைபர் என்றால்
பெட்டி பார்த்தது, ஒன்றுமில்லை.
காலி என்றால்
பெட்டி பார்க்கவே இல்லை.
இதைச் சாருக்கு விளக்க
இரண்டு டீ ஆனது.

"அப்ப கோட்ட இழுத்துச் சேத்துடு."
அதற்கும் வழி இருக்கிறது.
இந்தக் கரையில் ஒரு புள்ளி, அந்தக் கரையில் ஒரு புள்ளி,
நடுவே மேம்பாலம் மாதிரி ஒரு நேர்கோடு.
மேலே போகிற வண்டிக்குக்
கீழே யார் இருமுகிறார்கள் என்று தெரியாது.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன்
காலிக் கட்டமெல்லாம் ஸ்பேஸ் பார் தட்டி வைத்திருந்தான்.
கண்ணுக்குக் காலி, பிவட்டுக்கு எழுத்து.
எழுத்தைப் பார்த்ததும் அது கணக்குப் போடுவதை விட்டுவிட்டுத்
தலையை எண்ண ஆரம்பித்துவிடும்.
போன ஜூலையின் காற்று
எழுநூற்று நாற்பத்துநாலு என்று அறிக்கை போயிருக்கிறது.
அது ஜூலையில் உள்ள மணிகளின் எண்ணிக்கை.
ஒருவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை விம்கோ நகரில் மெட்ரோ இறங்கி
ஷேர் ஆட்டோவில் போனேன்.
கன்டெய்னர் லாரிகள் நகரவில்லை, ஆட்டோக்காரர்
அவற்றின் சக்கர உயரத்தில் புகுந்து புகுந்து போனார்.

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரே ஒரு பிளக்.
நான் கேட்பதற்கு முன்பே முனீரா சொன்னாள்:
"நான்தான்க்கா புடுங்குனேன்.
வூட்ல ஒரு ஃபேஸ் பூடுச்சி. புள்ளைக்கு இழுப்பு.
அன்னிக்கி ராத்திரி ஒரே நாத்தம், மூக்கெல்லாம் எரியுது.
படில மட்டும்தான் கரண்ட் இருந்திச்சி.
ஒங்க மிசின புடுங்கிட்டு நெபுலைசர் சொருவுனேன்.
மூணு தபா வெச்சேன்...
ஃபைன் போடுவாங்களா?"

பையன் வாசலில் உட்கார்ந்து
பிளாஸ்டிக் மூக்கு மூடியை
ஒரு பொம்மை லாரிக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து கோட்டை அறுத்து விட்டேன்.
இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும்.
பிவட்டில், காலிக்குப் பதில் என்ன காட்ட என்று கேட்கிற
அந்தச் சின்னப் பெட்டியில்
எண்தான் போடவேண்டும் என்று சட்டமில்லை.
"நெபுலைசர்" என்று தட்டினேன்.

ஒன்பதாம் தேதியிலும் வந்து உட்கார்ந்தது.
அன்று மழை, வயர் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.
ஒரு சொல் போட்டால் எல்லாக் காலிக்கும்
அதையே கட்டிவிடுகிறது இந்த எக்ஸல்.
அழித்தேன். "பதிவு இல்லை" என்று மாற்றினேன்.
பதினேழுக்கு மட்டும் அடியில் ஒரு குறிப்பு,
பொடி எழுத்தில், இரண்டு வரி,
அவள் பெயர் இல்லாமல்.

கஜபதி சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.
"இத்த யாரு கேட்டா?" என்றார்.
எடுக்கச் சொல்லவில்லை.
வைக்கச் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை பாரிமுனையில் இறங்கி
நாலு பிளக் சொருகுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வாங்கினேன்.
முந்நூற்று அறுபது ரூபாய்.
வவுச்சர் சாரின் மேசையில் இருக்கிறது.
கையெழுத்துப் போடும் கட்டம்
இன்றைய தேதி வரைக்கும் காலி.